விடிய விடிய வாசித்தவர்கள்

ஒரே பாட்டை 58 நிமிடம் வாசித்தால் கூட்டம் உட்கார்ந்திருக்குமா?

1997 நவம்பர் 29 இரவு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தில் உட்கார்ந்திருக்கவில்லைதான். நின்று ஆடிக்கொண்டிருந்தது. பாட்டின் பெயர் 'ரன்அவே ஜிம்', ஓடிப்போகிற ஒரு நாயைப் பற்றியது. வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற பாட்டு. அன்றைக்கு மேடையில் இருந்த நாலு பேரும் பாட்டை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தார்கள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பொய். நடுவில் பத்து நிமிடம் எல்லோரும் வழி தெரியாமல் அலைகிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வருகிற இடம் இருக்கிறதே, அதைக் கேட்க அந்த அலைச்சலையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். தனியாக வெட்டி எடுத்தால் ருசிக்காது.

குழுவின் பெயர் ஃபிஷ். மீன் இல்லை, எழுத்துக்கூட்டல் வேறு. டிரம்ஸ் வாசிக்கிற ஜான் ஃபிஷ்மனின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். இந்த மாதிரிக் குழுக்களை 'ஜாம் பேண்ட்' என்பார்கள். ஜாம் என்றால் ரொட்டியில் தடவுகிறது இல்லை மக்களே :-) முன்கூட்டியே எழுதிவைக்காமல் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, அந்த நிமிடத்தில் தோன்றுவதைச் சேர்ந்து வாசிப்பது. ஜாஸ் இசையில் இது அன்றாடச் சமாச்சாரம். ராக் இசையில் இதையே பிழைப்பாக வைத்து நாற்பது வருடம் ஓட்டியவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஷ்ஷைப் பற்றிப் பேசுமுன் ஒரு தலைமுறை பின்னால் போகவேண்டும். 1965ல் கலிஃபோர்னியாவில் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு குழு கிளம்பியது. நாவலாசிரியர் கென் கீசி அந்தக் காலத்தில் நடத்திய 'ஆசிட் டெஸ்ட்' விருந்துகளில் இவர்கள்தான் வாசித்தார்கள். அங்கே யாரும் டிக்கெட் வாங்கி மேடையைப் பார்த்து உட்காரவில்லை. வந்தவர்கள் ஆடினார்கள், திரிந்தார்கள், மயங்கினார்கள். வாசிக்கிறவர்களுக்கும் பாட்டை மூன்று நிமிடத்தில் முடித்துக் கைதட்டு வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. 'டார்க் ஸ்டார்' என்ற அவர்கள் பாட்டு 1968ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு, விலைபோகவில்லை. அதே பாட்டு அடுத்த வருடம் 'லைவ்/டெட்' என்ற நேரடிக் கச்சேரி இசைத்தட்டில் 23 நிமிடம். இன்றைக்கு எல்லோரும் 'டார்க் ஸ்டார்' என்றால் நினைப்பது இந்த 23 நிமிடத்தைத்தான். ஸ்டூடியோவில் பதிவு செய்தது வெறும் சட்டகம், பாட்டு என்பது மேடையில் நடப்பது என்ற எண்ணம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

(இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. டெட் குழுவின் டிரம்ஸ்காரர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபேலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் படித்தவர். பிறகு அவர் 1991ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் ஜாகிர் உசேனுடன் நம் கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.)

டெட் குழுவின் இன்னொரு கொடை, சொல்லப்போனால் பெரிய கொடை, ரசிகர்களை டேப் செய்ய விட்டது. அந்தக் காலத்தில் கச்சேரிக்குள் டேப் ரெக்கார்டர் கொண்டுபோனால் வாசலிலேயே பிடுங்குவார்கள். டெட் கச்சேரிகளிலோ மைக் கம்பங்கள் காடு மாதிரி முளைத்தன. பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கிறது என்று புகார் வந்தபோது குழு தடை போடவில்லை. 1984 அக்டோபரில் டேப் செய்கிறவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கித் தனி டிக்கெட் விற்றது! நிபந்தனை ஒன்றுதான்: காசுக்கு விற்கக்கூடாது. கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஒரு முடிவால் என்ன ஆயிற்று என்பதற்கு ஓர் உதாரணம். 1977 மே 8, நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் அரங்கு. மே மாதத்தில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு இரவு. அன்றைய கச்சேரியின் டேப் கைமாறிக் கைமாறி ரசிகர்களிடையே காவியமாகிவிட்டது. நாற்பது வருடம் கழித்து, 2017ல்தான் முறையாக வெளியானது. அதற்குள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011ம் ஆண்டுப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது. கடையில் விற்காத ஒரு பதிவு தேசியச் சொத்தாகிறது! வரலாற்று வகுப்பில் 'மூல ஆவணம்' என்று படிக்கிறோமே, அதை இங்கே உண்டாக்கியது அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ரசிகன்.

சரி, ஃபிஷ்ஷுக்கு வருவோம்.

1983ல் வெர்மாண்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரத்துப் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த பையன்கள். டிரே அனஸ்டாசியோ கிடார், மைக் கார்டன் பேஸ் கிடார், ஃபிஷ்மன் டிரம்ஸ், ஜெஃப் ஹோல்ட்ஸ்வொர்த் இன்னொரு கிடார். அந்த டிசம்பர் 2ம் தேதி கல்லூரி உணவுக்கூடத்தில் முதல் கச்சேரி. மைக் வைக்கக் கம்பம் இல்லாமல் ஹாக்கி மட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். வந்த கூட்டத்துக்கு இவர்கள் இசை பிடிக்கவில்லை; நடுவிலேயே மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பிறகு அனஸ்டாசியோ ஏதோ ஒரு குறும்பில் மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்திலிருந்து சஸ்பெண்ட் ஆனார். குழு ஏறக்குறைய ஒரு வருடம் கச்சேரியே செய்யவில்லை.

1985ல் பேஜ் மெக்கானல் பியானோவோடு சேர்ந்தார். அவர் படித்தது காடார்ட் கல்லூரி என்ற சின்னக் கல்லூரி. மாணவர்களைச் சேர்த்துவிட்டால் தலைக்கு 50 டாலர் தருவார்களாம். அனஸ்டாசியோவையும் ஃபிஷ்மனையும் அங்கே இழுத்து 100 டாலர் பார்த்தார். (கல்லூரிக்கு ஆள் பிடிப்பது உலகப் பொதுவழக்கம் போல.) அங்கே அனஸ்டாசியோ தன் பட்டத்துக்கான ஆய்வேடாகக் கொடுத்தது கட்டுரை அல்ல, 'கேம்ஹெண்ட்ஜ்' என்ற கற்பனை நாட்டைப் பற்றிய ஒரு முழு இசைக்கதை. அதிலிருந்த பாட்டுகளை இன்றைக்கும் மேடையில் வாசிக்கிறார்கள்.

ஹோல்ட்ஸ்வொர்த் 1986ல் விலகினார். மிச்சமிருந்த நாலு பேர்தான் இன்றுவரை. நாற்பது வருடம் ஆள் மாறாத ராக் குழு என்பதே அபூர்வம். ஆனால் இந்தக் கதையில் அது வெறும் அபூர்வம் மட்டும் இல்லை, காரணமே அதுதான். எழுதிவைத்த பாட்டை யாரும் கற்றுக்கொண்டு வாசிக்கலாம். எழுதாததை வாசிக்கப் பக்கத்தில் இருப்பவனின் மூச்சு தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மூச்சைப் பழகிய இடம் பர்லிங்டன் கடைத்தெருவில் 'நெக்டார்ஸ்' என்ற சாப்பாட்டுக் கடை. உருளைக்கிழங்கு வறுவலில் குழம்பு ஊற்றித் தருவதற்குப் பேர்போனது. முதலாளி நெக்டார் ரோரிஸ் இவர்களுக்கு அடுத்தடுத்து மூன்று இரவுகள் கொடுப்பார், இரவுக்கு மூன்று செட். ஒரே ஊர், ஒரே கூட்டம், மூன்று நாள். நேற்று வாசித்ததையே இன்றும் வாசித்தால் நாளைக்கு எவன் வருவான்? அதனால் ஒவ்வொரு இரவும் வேறாக வாசித்தே ஆகவேண்டிய கட்டாயம். பெரிய தத்துவமெல்லாம் இல்லை, வயிற்றுப்பாடு. 1992ல் வந்த இசைத்தட்டுக்கு 'எ பிக்சர் ஆஃப் நெக்டார்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

பயிற்சி எப்படி என்பதையும் சொல்லவேண்டும். தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்து 'கேட்கிற' பயிற்சி செய்வார்கள். ஒருவர் ஒரு சின்னத் துணுக்கை வாசிக்க ஆரம்பிப்பார். மற்ற மூவரும் அதோடு பொருந்துகிற வேறு வேறு துணுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பொருந்திவிட்டார்கள் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் 'ஹே' என்று சொல்ல வேண்டும். நாலு 'ஹே'யும் ஒரே நேரத்தில் விழுந்தால் பயிற்சி சரி. ஒருவர் மட்டும் முன்னால் சொல்லிவிட்டால், அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார், மற்றவரைக் கேட்கவில்லை என்று அர்த்தம். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த விஷயம் இதுதான். விரல் வேகத்துக்குப் பயிற்சி செய்கிறவர்கள் கோடிப்பேர். காதுக்குப் பயிற்சி செய்தவர்கள் இவர்கள்.

1989 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தின் 'பாரடைஸ்' அரங்கில் வாசிக்க ஆசைப்பட்டார்கள். பெயர் தெரியாத குழுவுக்கு இடம் இல்லை என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அரங்கையே ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். பர்லிங்டன் ரசிகர்கள் பஸ் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். டிக்கெட் முழுக்க விற்றது! அப்போது இவர்களுக்கு இசைத்தட்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. 'ஜுண்டா' என்ற கேசட்டைத் தாங்களே போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இவர்களைச் 'சுயேச்சைக் குழு' என்று சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 1991ல் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனியோடு கையெழுத்துப் போட்டார்கள் என்பது உண்மை. பிறகு 2005ல் ஜெம்ப் என்று சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் என் கணக்கில் சுயேச்சை என்பது காகிதத்தில் இல்லை, சோறு எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அவர்களுடைய இசைத்தட்டுகளில் அமெரிக்கப் பட்டியலில் மிக உயரம் போனது 1996ன் 'பில்லி பிரீத்ஸ்', ஏழாவது இடம். எம்டிவிக்காக எடுத்த வீடியோ ஒன்றே ஒன்று, 1994ல். வானொலியில் ஓடிய பாட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த 1994 டிசம்பரிலேயே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை நிரப்பினார்கள். எப்படி? டேப்!

அந்தக் காலத்து டேப் பொருளாதாரத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். உனக்கு ஒரு கச்சேரி வேண்டும், மாற்றிக்கொள்ள உன்னிடம் எதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு இரண்டு காலிக் கேசட்டும், தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்புவாய். அவர் வேலை மெனக்கெட்டு மூன்று மணி நேரக் கச்சேரியைப் பதிந்து திருப்பி அனுப்புவார். காசு கிடையாது. நீ அதை அடுத்தவனுக்குச் செய்யவேண்டும், அதுதான் கடன். ஒரு நல்ல மூலப் பதிவு கிடைத்தால் 'மரம்' கட்டுவார்கள்: ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு, இப்படிக் கிளை விடும். ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் கொஞ்சம் ஏறும். ஏழாம் தலைமுறை டேப் என்றால் மழையில் கச்சேரி கேட்ட மாதிரி இருக்கும். குறுந்தகடும் இணையமும் வந்தபிறகு இரைச்சல் போயிற்று. ஃபிஷ்ஷே 2002 இறுதியிலிருந்து தங்கள் கச்சேரிகளைத் தரவிறக்கத்துக்கு விற்க ஆரம்பித்தது. ரசிகர்கள் தாங்களே டேப் செய்வதை அதற்காக நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். டெட் தரப்பில் இவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. 2005 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து அவர்கள் கச்சேரிப் பதிவுகளைத் தரவிறக்குவது திடீரென்று நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்துப்போய்க் கையெழுத்து இயக்கம் நடத்தியபிறகு, ரசிகர்கள் கூட்டத்தில் நின்று பதிந்தவை மட்டும் மறுபடி தரவிறக்கத்துக்கு வந்தன. அந்த இரவு யாருடையது என்ற கேள்விக்கு அன்றைக்கு வந்த பதில் பாதிப் பதில்தான்.

டேப் இன்னொரு வேலையும் செய்தது. கூட்டத்தைப் படித்த கூட்டமாக ஆக்கியது. போன வாரம் 'ட்வீசர்' எத்தனை நிமிடம், எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்கு நிற்காமல் போனார்கள், ஒரு பாட்டை வாசித்து எத்தனை கச்சேரி ஆயிற்று என்றெல்லாம் கிரிக்கெட் புள்ளிவிவரம் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பாட்டுப் பட்டியல் எழுதும்போது இரண்டு பாட்டுக்கு நடுவே இடைவெளி விடாமல் போனால் ஒரு குறி, ஒன்று இன்னொன்றாகக் கரைந்து மாறினால் வேறு ஓர் அம்புக்குறி. பாட்டின் சட்டகத்துக்குள்ளேயே கற்பனை செய்தால் 'முதல் வகை', சட்டகத்தைத் தாண்டிப் போய்விட்டால் 'இரண்டாம் வகை' என்று இலக்கணமே வகுத்தார்கள்.

இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் மேடையில் இருப்பவர்கள் விளையாடாமல் இருப்பார்களா? 1990களின் முதல் பாதியில் ரகசிய மொழி ஒன்று வைத்தார்கள். கிடாரில் 'சிம்ப்சன்ஸ்' தொடரின் இசை ஒரு வரி வந்தால் கூட்டம் முழுக்க ஹோமர் சிம்ப்சன் மாதிரி 'டோ!' என்று கத்தவேண்டும். வேறொரு குறிப்பு வந்தால் எல்லோரும் தரையில் விழவேண்டும். புதிதாக வந்தவன் சுற்றுமுற்றும் பார்ப்பான், ஆயிரம் பேர் திடீரென்று காணாமல் போயிருப்பார்கள்! இன்னொரு விளையாட்டில் நாலு பெரிய பந்துகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள், ஆளுக்கு ஒரு பந்து. கூட்டம் பந்தைத் தட்டும்போதெல்லாம் அந்தப் பந்துக்கு உரியவர் ஒரு சுரம் வாசிக்க வேண்டும். அதாவது வாசிப்பது அவர், வாசிக்க வைப்பது கூட்டம். 1995 இலையுதிர் காலத்தில் சுற்றுப்பயணம் முழுக்க மேடையில் ஒரு பெரிய சதுரங்கப் பலகை தொங்கியது. ஒரு கச்சேரிக்குக் குழு ஒரு நகர்த்தல், இடைவேளையில் ரசிகர்கள் கூடிப் பேசி ஒரு நகர்த்தல். இரண்டு ஆட்டம் நடந்து ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. டிரம்ஸ்காரர் ஃபிஷ்மன் பாவாடைச் சட்டை போட்டுக்கொண்டு வாக்குவம் கிளீனரை வாயில் வைத்து 'வாசிப்பதை'யும் சொல்லாமல் விடக்கூடாது. கேட்கச் சகிக்காது. ஆனால் கூட்டம் அதற்கும் காத்திருக்கும்.

அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று வேறு குழுவின் ஒரு முழு இசைத்தட்டை 'வேஷம்' போட்ட மாதிரி வாசிப்பது இன்னொரு வழக்கம். 1994ல் ரசிகர்களிடம் ஓட்டு எடுத்து பீட்டில்ஸின் வெள்ளை இசைத்தட்டு. 1996ல் டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்'. இந்த இரண்டாவது வெறும் வேடிக்கையாக முடியவில்லை. ஒரே தாளக்கட்டில் நாலு பேரும் சின்னச் சின்னத் துண்டுகளைப் பின்னுவது எப்படி என்று அதை வாசித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் அவர்கள் இசையே மாறிப்போனது. கிடார் பின்னால் போய், தாளம் முன்னால் வந்தது. வூஸ்டரின் அந்த 58 நிமிடம் அந்த மாற்றத்தின் நடுவே பிறந்ததுதான். 2018ல் இதையும் தலைகீழாக்கினார்கள். 'காஸ்வோட் வாக்ஸ்ட்' என்ற மறக்கப்பட்ட ஸ்காண்டிநேவியக் குழுவின் இசைத்தட்டு என்று துண்டுப்பிரசுரம் கொடுத்து வாசித்தார்கள். அப்படி ஒரு குழுவே கிடையாது. எல்லாம் இவர்களே புதிதாக எழுதிய பாட்டுகள்!

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1989லிருந்து இவர்களுக்கு விளக்கு போடுபவர் கிரிஸ் குரோடா. முதலில் அனஸ்டாசியோவிடம் கிடார் கற்க வந்தவர். அடுத்து என்ன வாசிப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது. அதனால் அவரும் கேட்டுக்கேட்டு அந்த நிமிடத்தில் விளக்கை 'வாசிக்கிறார்'. ரசிகர்கள் அவரை ஐந்தாவது ஆள் என்கிறார்கள். 2024 ஏப்ரலில் லாஸ் வேகாஸின் 'ஸ்பியர்' கோளத்தில் நாலு இரவு வாசித்தபோது திரைக் காட்சிகளையும் இசை போகிற போக்குக்கு ஏற்பக் கையாள வழி செய்துகொண்டார்கள். நாலு இரவும் ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை.

1996ல் தொடங்கியவைதான் திருவிழாக்கள். நியூயார்க் மாநிலத்தில் பிளாட்ஸ்பர்க் என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளம். வேறு குழு எதுவும் இல்லை, விளம்பரதாரர் கூத்து இல்லை, இவர்கள் மட்டும். சுமார் 70,000 பேர் வந்து கூடாரம் அடித்துத் தங்கினார்கள். நடுராத்திரி தாண்டி எல்லோரும் தூங்கப் போனபின் ஒரு திறந்த லாரியில் ஏறி வாசித்துக்கொண்டே கூடாரங்களுக்கு நடுவே ஊர்வலம் போனார்கள். அடுத்த வருடம் மெய்ன் மாநிலத்தில் இன்னொரு விமானத் தளம். ரசிகர்கள் மரத்துண்டுகளில் படம் வரைந்து கோபுரம் கட்டினார்கள். குழுவும் மேடையிலேயே வரைந்து, அதைத் தலைகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றிக் கோபுரத்தில் சேர்த்தார்கள். கடைசியில் அதற்குத் தீ வைத்தார்கள். இரண்டு நாள் பாடுபட்டுச் செய்ததை எரிக்க மனசு வருமா? ஆனால் யோசித்தால், கச்சேரியும் அதே மாதிரிதானே.

இதற்கெல்லாம் உச்சம் 1999 டிசம்பர் 31. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்துக்குள் செமினோல் பழங்குடியினரின் பிக் சைப்ரஸ் ஒதுக்கிட நிலம். சுமார் 80,000 பேர். சாலையில் கார்கள் மணிக்கணக்கில் ஊர்ந்தன. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் மேடையேறியவர்கள் சூரியன் உதித்தபிறகுதான் இறங்கினார்கள். ஏறக்குறைய ஏழரை மணி நேரம், ஒரே செட். அவசரத்துக்குப் போக மேடையிலேயே ஒரு நகரும் கழிப்பறை! நடுவில் ஏபிசி தொலைக்காட்சி தன் புத்தாயிரம் ஒளிபரப்பில் ஒரு பாட்டை நேரடியாகக் காட்டியது. அப்போது கூட்டம் 'சீஸ்கேக், சீஸ்கேக்' என்று கத்தவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். அமெரிக்கா முழுக்க ஒன்றும் புரியாமல் விழித்திருக்கும்.

அந்தப் பதிவில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது நாலு மணிக்கு மேற்பட்ட பகுதியை. யாருக்கும் தெம்பு இல்லை. வித்தை காட்ட விரல் எழவில்லை. நாலு பேரும் ரொம்பக் கொஞ்சமாக, ரொம்ப மெதுவாக வாசிக்கிறார்கள். சில இடங்களில் பாட்டு என்றே சொல்லமுடியாது, மூச்சு மாதிரி இருக்கிறது. 'ஹே' பயிற்சி எதற்கு என்று அங்கே புரியும். விடிந்ததும் ஒலிபெருக்கியில் பீட்டில்ஸின் 'ஹியர் கம்ஸ் த சன்' போட்டார்கள்.

அதற்கு அப்புறம் என்ன செய்வது? இதுதான் சிக்கல். உச்சிக்கு மேல் படி கிடையாது. 2000 அக்டோபர் 7ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு கச்சேரியோடு ஓய்வு என்று அறிவித்தார்கள். 2002 கடைசி நாளில் திரும்பி வந்தார்கள். 2004 மே மாதம், இத்தோடு குழுவே கலைகிறது என்று அனஸ்டாசியோ அறிவித்தார். கடைசித் திருவிழா ஆகஸ்ட் 14, 15, சொந்த மாநிலமான வெர்மாண்டில் கவென்ட்ரி என்ற சிற்றூர்.

மழை. நாள் கணக்கில் மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டது. உள்ளே விட்ட கார்கள் புதைந்தன. நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் வரிசை. சனிக்கிழமை காலை திருவிழா வானொலியில் மைக் கார்டனே பேசினார்: இனி கார்களை விட முடியாது, திரும்பிப் போங்கள் என்று. ஒரு நாளுக்கு மேலாகக் காரில் காத்திருந்தவர்களிடம்! ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. நெடுஞ்சாலை ஓரத்திலேயே காரை விட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் சேற்றில் நடந்தார்கள்.

நடந்து போய்க் கேட்டது என்ன? அவர்கள் வாழ்நாளின் மோசமான கச்சேரிகளில் ஒன்று. சின்ன வயதிலிருந்து வாசித்த 'கிளைட்' என்ற பாட்டில் தடுக்கி விழுகிறார்கள். ஒருவர் ஆரம்பிக்கும்போது இன்னொருவர் வேறெங்கோ இருக்கிறார். பேஜ் மெக்கானல் ஒரு பாட்டில் அழுது பாட முடியாமல் நிற்கிறார். நான் அதை இரண்டு தடவை கேட்டேன், மூன்றாவது தடவை கேட்க மனசு வரவில்லை. வாத்தியம் தவறுவது கூடப் பரவாயில்லை, கச்சேரி என்றால் தவறும். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை என்பது டேப்பில் பச்சையாகத் தெரிகிறது.

காரணம் ரகசியம் இல்லை. போதை. 2006 டிசம்பரில் அனஸ்டாசியோ நியூயார்க் மாநிலத்தில் போதை மருந்து வழக்கில் கைதானார். சிறைக்குப் பதில் போதை மீட்பு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஒரு வருடத்துக்கும் மேல் கழித்தார். அதிலிருந்து மீண்டது பற்றி அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2023ல் வெர்மாண்டில் 'டிவைடட் ஸ்கை' என்ற மீட்பு மையமும் திறக்கப்பட அவர் காரணமாக இருந்தார். இந்த உலகத்தைக் காதலித்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆசிட் டெஸ்டில் பிறந்த வழக்கம் இது. டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா 1995ல் 53 வயதில் இறந்தது ஒரு போதை மீட்பு இல்லத்தில். வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கிற சந்தையில் சட்டையும் சாண்ட்விச்சும் மட்டும் விற்கவில்லை. அதே கூட்டத்துக்குள்தான், கச்சேரி வேண்டும் ஆனால் போதை வேண்டாம் என்கிற ரசிகர்கள் இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசை அருகே கூடுகிறார்கள். தள்ளாடுகிற ஒருவன் அந்த இரவைத் தாண்டிவிட அந்த மஞ்சள் பலூன் போதுமானதாக இருந்திருக்கிறது. குழுவின் எந்த வாசிப்பையும் விட அது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

2009 மார்ச் 6, வர்ஜீனியா மாநிலம் ஹாம்ப்டன் அரங்கு. நாலரை வருடம் கழித்து மறுபடி நாலு பேர். எதில் ஆரம்பிப்பார்கள் என்று எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். 'ஃப்ளஃப்ஹெட்' என்று ஒரு பாட்டு உண்டு. கிட்டத்தட்ட கால் மணி நேரம், பல பகுதிகள், எல்லாம் எழுதிவைத்த இசை. கற்பனைக்கு இடமே இல்லை, கை சுத்தமாக இல்லாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். 2000க்குப் பிறகு அதை அவர்கள் வாசிக்கவே இல்லை. 2003, 2004ல் ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பாட்டு. விளக்கு அணைந்தது. முதல் நாலு சுரம் விழுந்ததும் அரங்கு எழுப்பிய சத்தத்தைப் பதிவில் கேட்டுப்பாருங்கள். கிடார் சில நொடிகள் காதிலேயே விழாது.

அதற்கப்புறம் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2017 ஜூலை, ஆகஸ்டில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு டோனட் பெயர், வாசலில் ரசிகர்களுக்கு இலவச டோனட். மொத்தம் 237 பாட்டுகள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. (இவ்வளவுக்குப் பிறகும் 2025ல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துக்கான ரசிகர் ஓட்டில் முதலிடம் வாங்கியும் உள்ளே விடவில்லை. அது அவர்கள் நஷ்டம்.)

அந்தப் பதிமூன்றில் நாலாவது இரவுக்கு வந்த டோனட், ஜாம் வைத்தது. சொல்லவேண்டுமா! அன்றைக்கு எடுத்த பாட்டையெல்லாம் நீட்டினார்கள். அதில் 'லான் பாய்' என்று ஒரு பாட்டு வந்தது. மெக்கானல் பியானோவை விட்டு எழுந்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய ஹோட்டல் பாடகர் மாதிரி நடந்து நடந்து பாடுவார். இரண்டு மூன்று நிமிடம், ஒரு சிரிப்பு, கைதட்டு, முடிந்தது. முப்பது வருடத்தில் யாரும் அதில் ஒரு நிமிடம் அதிகம் எதிர்பார்த்ததில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வர நல்ல பாட்டு. அன்றைக்கு மெக்கானல் பாடி முடித்துப் பியானோவுக்குத் திரும்பினார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தபோதும் அதே பாட்டு. கிட்டத்தட்ட அரை மணி நேரம்.